மண்ணெண்ணெயில் ஓடிய காரும் மன்னிக்காத இயந்திரமும்

எந்தப் பழுதையும் எம்மவர் தாமே பார்த்துவிடுவர் என்ற பெருமை யாழ்ப்பாணத்தில் நெடுங்காலமாக உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. நான் பல்கலைக்கழக மாணவனாக இருந்த காலம் அது. ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு இயக்கி, இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். வெண்புகையும் நெடியும் வீதியெங்கும் நிறையும்.

இந்தச் சாதனையைச் சொல்பவர்கள் அதற்குக் கொடுத்த விலையைச் சொல்வதில்லை. முழுமையாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் வழிந்து கீழே ஒயிலோடு கலந்தது. ஒயில் நீர்த்தது. வளையங்களும் பெயாரிங்குகளும் தேய்ந்தன. அக்காலத்துக் கார்களின் அமுக்க விகிதம் ஏழு, எட்டு என்ற அளவிலேயே இருந்தபடியால் அவை அத்தனையையும் ஓரளவு தாங்கிக்கொண்டன. இயந்திரத்தின் ஆயுளைக் கொடுத்து வாங்கிய பயணங்கள் அவை. வேறு வழி இருக்கவில்லை.

இன்று நிலைமை வேறு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடையில், 2022இல், 200 ரூபாயளவில் இருந்த டொலர் 360 ரூபாயைத் தாண்டியது. உதிரிப்பாகங்களின் விலையும் கராஜ் கூலியும் கூடவே ஏறின. ஆகவே கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வீட்டு முற்றத்திலேயே காரைத் திறப்பவர்கள் பெருகினர். அவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆனால் முற்றத்தில் நிற்பது மொறிஸ் மைனர் அல்ல. அமுக்க விகிதம் பத்தைத் தாண்டிய, நுண்ணிய இடைவெளிகளில் மெல்லிய ஒயிலை நம்பி ஓடும் இயந்திரம். அது பிழை பொறுக்காது.

வெள்ளவத்தையில் நான் அறிந்த ஓர் இளைஞர் தாமே ஒயில் மாற்றினார். பழைய பில்ரரைக் கழற்றியபோது அதன் றப்பர் வளையம் இயந்திரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் கவனிக்கவில்லை; அதன் மேலேயே புதிய பில்ரரைப் பூட்டிவிட்டார். முற்றத்தில் ஒரு சொட்டும் ஒழுகவில்லை. மறுநாள் தெற்கு அதிவேக நெடுஞ்சாலையில் ஒயிலின் அமுக்கம் ஏறியதும் இரட்டை வளையம் விலகி, ஒயில் முழுவதும் வீதியில் கொட்டிற்று. சிவப்பு விளக்கு எரிந்தும், அடுத்த வெளியேறும் வாசல்வரை போய்விடலாம் என்று ஓட்டினார். இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. மிச்சம் பிடித்தது சில ஆயிரம். பஞ்சிகாவத்தையில் பழைய இயந்திரம் ஒன்று தேடி வாங்கப் போனது பல இலட்சம். அனுபவமுள்ள மெக்கானிக், பில்ரர் இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவிப் பார்ப்பார். காணொளியில் அந்த விரலசைவு ஒரு வினாடிகூட இராது.

இத்தகைய பிழைகள் அன்றே தெரிவதில்லை என்பதுதான் ஆபத்து. ஒயிலை அளவுக்கு மேல் ஊற்றினால் சுழலும் தண்டு அதை அடித்து நுரையாக்கும். நுரை உராய்வைத் தடுக்காது. ரைமிங் பெல்ற்றைச் சில பற்கள் தவறிப் பூட்டினால், பல இயந்திரங்களில் வால்வுகள் பிஸ்ரனில் மோதி வளையும். அலுமினியத் தலையில் பிளக்கை முழுப்பலத்தோடு இறுக்கினால் புரி அழிந்துவிடும். கொதித்து நிற்கும் இயந்திரத்தில் குளிர்நீர் ஊற்றினால் தலை வெடிக்கலாம். கூலன்ற்றுக்குப் பதிலாகக் கிணற்றுநீரை விடுவோரும் உளர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தின் நீர் கேத்தில் அடியில் விடும் வெள்ளைப் படிவை அறியாத வீடு எது? அதே படிவுதான் ரேடியேற்றரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கிறது.

அப்படியானால் சொந்தக்காரர் காரில் கையே வைக்கக்கூடாதா? வைக்கலாம், வைக்கவும் வேண்டும். வாரம் ஒருமுறை ஒயில் மட்டத்தைப் பாருங்கள். இயந்திரம் ஆறியபின் கூலன்ற் அளவைப் பாருங்கள். காற்று வடிகட்டி, பற்றரி முனை, வைப்பர், ரயர் காற்று ஆகிய யாவும் உங்கள் பொறுப்பே. ஒயில் மாற்றுவதானால் கார்க் கையேட்டில் குறித்த தரத்தையும் அளவையும் மீறாதீர்கள். பழைய வளையம் கையில் வந்ததா என்று பார்த்தபின் புதியதைப் பூட்டுங்கள். இயந்திரத்தின் தலை, ரைமிங் பெல்ற், வால்வு ஆகியவற்றைத் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே பாதுகாப்பாக ஓரங்கட்டி நிறுத்துங்கள். அடுத்த ஊர்வரை என்று எண்ணாதீர்கள்.

எமது நாட்டில் நடுத்தரக் குடும்பம் ஒன்று கார் வாங்குவது பெரும்பாலும் வாழ்நாளில் ஒருமுறை. ஓய்வூதியப் பணமோ வெளிநாட்டுப் பிள்ளையின் உழைப்போ அதில் கிடக்கிறது. அன்று மண்ணெண்ணெய் ஊற்றியவர்கள் என்ன தேயும் என்று தெரிந்துகொண்டே ஊற்றினார்கள். இன்று ஸ்பனரை எடுப்பவரும் அதைத் தெரிந்துகொண்டு எடுப்பது நல்லது.