தங்க ஓர் இடம்

"வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார்" என்றனர் நம் முன்னோர். கோலாலம்பூரில் ஓர் ஏழை மாணவர்க்கு அறை தேடி அலைந்தவர்கள், அவ்விரண்டோடு இதனையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்வர்.

மலாயாப் பல்கலைக்கழகம் 1962ஆம் ஆண்டு கோலாலம்பூரில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. விடுதியில் இடம் பெறாத மாணவர் பலர், அதன் அண்மையிலுள்ள பந்தாய் டாலம், கிரிஞ்சி, பெட்டாலிங் ஜெயாவின் 17ஆம் பிரிவு ஆகிய பகுதிகளில் அறையெடுத்துத் தங்குவர். 1998இல் அவ்வழியே இலகு ரயில் ஓடத் தொடங்கிய பின், சற்றுத் தொலைவில் தங்கிப் படிக்கவும் வழி பிறந்தது. ஆயினும் நிலையத்தை ஒட்டிய அறைக்கு வாடகை கூடுதல். தள்ளியுள்ள அறைக்கு வாடகை குறைவு, பயணச் செலவு கூடுதல். இரண்டையும் கூட்டிப் பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன், பேராக் மாநிலத்துத் தோட்டமொன்றில் வளர்ந்த என் பழைய மாணவி ஒருத்திக்காக அறை தேடும் பொறுப்பு எனக்கு வாய்த்தது. தந்தை செம்பனைத் தோட்டத் தொழிலாளி. வாடகையைக் காட்டிலும் முன்பணமே அவர்களை மலைக்க வைத்தது. மாத வாடகை 500 வெள்ளி என்று கொள்வோம். வைப்புத்தொகையாக இரண்டு மாத வாடகை, நீர், மின்சாரத்திற்கென அரை மாத வாடகை, முதல் மாத வாடகை என, அறைக்குள் கால் வைக்குமுன் 1,750 வெள்ளி எண்ணி வைக்க வேண்டும். 1997இல் தோற்றுவிக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகத்தின் கடனோ, பெரும்பாலும் பல்கலைக்கழகத்தில் பதிந்துகொண்ட பின்னரே கைக்கு வரும். இடைப்பட்ட நாள்களைத் தாண்டுவதுதான் ஏழைக் குடும்பத்தின் பெரும்பாடு.

பணத்தையும் மிஞ்சிய தடை வேறொன்று உண்டு. தொலைபேசியில் என் மலாய் மொழியைக் கேட்டு, "அறை இருக்கிறது, வந்து பாருங்கள்" என்று இன்முகமாய்ப் பேசிய ஒருவர், மாணவியின் பெயரைக் கேட்டதும், "இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று முடித்துக்கொண்டார். அடுத்து அழைத்தது நம்மவர் ஒருவரை. "தோட்டத்துப் பிள்ளையா? உறவுக்காரர்கள் கூட்டமாக வந்து தங்கிவிடுவார்கள்" என்று அவரும் மறுத்தார். முன்னதைவிடப் பின்னதே என்னை அதிகம் சுட்டது. அருகில் அமர்ந்திருந்த மாணவி, தன் குறிப்பேட்டில் அந்த இரு எண்களையும் அடித்துவிட்டு, "ஐயா, அடுத்த எண்ணைக் கூப்பிடலாமா?" என்றாள். அவள் குரலில் சினமில்லை, வியப்புமில்லை. பதினெட்டு வயதில் ஒரு பெண்ணுக்கு இது பழகிப்போயிருந்தது என்பதை எண்ணி எண்ணி நான் வருந்தினேன்.

ஏழாவது அழைப்பு பலித்தது. 17ஆம் பிரிவில் தனியே வாழ்ந்த சீன மூதாட்டி ஒருவர் கேட்டவை இரண்டே: இரவில் வெளிக்கதவைப் பூட்டுவாளா? சமைத்த பின் அடுப்பைத் துடைப்பாளா? வைப்புத்தொகையை மூன்று தவணையாகப் பெற்றுக்கொள்ளவும் அவர் இசைந்தார்.

அறை தேடும் மாணவர்க்குச் சில சொல்வேன். நேரில் பாராமல் பணம் கட்டாதீர். வாடகைக்கு விடுபவர் உரிமையாளரா, அவரும் ஒரு வாடகைக்காரரா என்று கேளுங்கள். ஒப்பந்தத்தை எழுத்தில் பெற்று, அதற்கு முத்திரை வரியும் செலுத்துங்கள். வழக்கென்று வந்தால் முத்திரையற்ற ஒப்பந்தம் நீதிமன்றத்தில் எளிதில் செல்லாது. கொடுத்த ஒவ்வொரு வெள்ளிக்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். குடிபுகும் நாளிலேயே அறையின் பழுதுகளைப் படம் எடுத்து வையுங்கள். வைப்புத்தொகை திரும்பி வருவதற்கு அதுவே சான்று.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாணவர்களின் தேர்ச்சியைக் கேட்டு மகிழ்கிறோம். எந்தத் துறை கிடைத்தது என்று ஆவலோடு வினவுகிறோம். அத்துடன், "எங்கே தங்கப் போகிறாய்?" என்றும் கேட்போம். நகரில் வாழும் நம்மவர்களுள் எத்தனையோ பேர் வீட்டில் ஓர் அறை பூட்டிக் கிடக்கிறது. அதன் சாவி, ஒரு பட்டதாரியை உருவாக்கக் கூடும்.