உள்ளே உடுத்தும் பட்டு

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு என்பது பிறர் காண உடுத்துவது. கரையின் அகலமும் முந்தியின் சரிகையுமே இங்கே பேச்சு. உடம்புக்குப் பட்டு என்ன செய்கிறது என்று கேட்போர் அரியர்.

அக்கேள்வி எங்களிடம் வந்தது நார்வேயின் வடகோடியிலிருந்து. எண்பதுகளிலிருந்து ஈழத்தமிழர் பலர் மீன் ஆலைகளில் உழைத்த ஃபின்மார்க் பகுதி அது. அங்கே ஆல்தா நகரிலிருந்து நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் பந்தயம் 1981இல் தொடங்கியது. அதன் நெடும்பாதை ஏறத்தாழ 1,200 கி.மீ. அவ்வூரில் படிக்கும் எங்கள் முன்னாள் மாணவி, பிள்ளையார்பாளையத்து நெசவாளர் மகள், இப்போது வண்டியோட்டப் பழகுகிறாள். தந்தை இல்லை. தாயார் எங்களிடம் வந்து, “பட்டு சூடுன்னு சொல்லுவாங்களே ஐயா. அவங்கப்பா கடைசியா நெய்த புடவைய அனுப்பட்டுமா? சுத்திக்கிட்டா குளிராதில்ல?” என்றார்.

ஆம் என்று சொல்லிவிட மனம் விரும்பியது. ஆனால் விரல்களை இழக்கச் செய்யும் குளிரில் ஆறுதலுக்காகப் பொய் சொல்ல இயலாது.

வண்டியோட்டிக்குக் குளிரைவிடப் பெரிய பகை வியர்வை. சமவெளியில் நாய்கள் ஓட, அவர் வண்டியின் பின்னே அசையாமல் நிற்கிறார். மைனஸ் 20 டிகிரியில் மணிக்கு 20 கி.மீ. காற்று மோதினால், தோலுக்கு அது மைனஸ் 30 போலாகும். மேடு வந்தாலோ இறங்கித் தள்ளி ஓட வேண்டும்; உடல் வியர்க்கும். மறுபடி நிற்கும்போது அந்த ஈரமே வெப்பத்தை உறிஞ்சிவிடும். நம் வெயிலுக்கு உற்ற துணையான பருத்தி பனியன் அங்கே எதிரி. நனைந்தால் எளிதில் உலராது, உடலோடு ஒட்டிக் குளிர்விக்கும்.

ஆகவே அங்கே அடுக்கடுக்காக உடுத்துகிறார்கள். தோலை ஒட்டி மெல்லிய கம்பளி அல்லது பட்டுப் பின்னலாடை. அதன்மேல் காற்றைச் சிறைப்பிடிக்கும் தடித்த கம்பளி. எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத அங்கி. வெப்பம் தருவது துணியன்று, அதனுள் தேங்கும் உலர்ந்த காற்று. காலணியும் சற்றுத் தளர்வாகவே இருக்க வேண்டும். இறுக்கினால் இரத்தவோட்டம் குறையும்.

பட்டு ஈரம் குடிக்கும் என்பது நம் நெசவாளருக்குப் புதிதன்று. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பாவு ஈரம் வாங்கித் தறியில் சொன்னபடி கேட்காது. தறிமேல் இடையூறாகும் அக்குணமே பனியில் தோலின் ஈரத்தை வாங்கிக் காக்கிறது. ஆயினும் காஞ்சிப் புடவை அப்பணிக்கு உதவாது. முறுக்கேற்றி நெருக்கி நெய்த துணியில் காற்றுக்கு இடம் குறைவு. சரிகையோ பட்டிழைமேல் சுற்றிய உலோகம், தொட்ட இடத்தில் சில்லிடும்.

இவற்றைச் சொன்னபோது தாயார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்ப உள்ளே போடுற பட்டாவது வாங்கிக்கச் சொல்லுங்க” என்றார்.

மாணவிக்கு அவ்வாறே எழுதினோம். நாய்களின் பாதங்களுக்குச் சிற்றுறை மாட்டும்போது பெரிய கையுறையைக் கழற்ற வேண்டியிருக்கும். அந்தச் சில நிமிடங்களில் விரல்களைக் காக்க உள்ளே மெல்லிய பட்டுக் கையுறை இருக்கட்டும் என்றோம். சரிகையில்லை, கரையில்லை, பார்த்து வியப்பாரும் இல்லை. பட்டின் பெருமைக்கு அதனால் குறைவொன்றும் இல்லை என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.