குருத்தோலையும் சாம்பலும்

வீட்டு நிலைக்கு மேலே செருகியிருந்த போன வருஷத்துக் குருத்தோலையைக் கோயிலில் கொடுத்தாகிவிட்டது. அதை எரித்த சாம்பல்தான் திருநீற்றுப் புதனன்று நெற்றிக்கு வரும். குருத்தோலை ஞாயிறன்று ஓசன்னா பாடிப் பிடித்த அதே ஓலை, நீ மண் என்று நினைவூட்ட வருகிறது. இதைவிடப் பெரிய மறைக்கல்வி எனக்குக் கிடைத்ததில்லை.

புதுச்சேரி தட்டாஞ்சாவடியில் வளர்ந்த எனக்கு வருஷமே கோயில் நாட்காட்டிப்படிதான் ஓடுகிறது. தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் முழுதாய்ச் சாப்பிடும் ஒருசந்தியும், இறைச்சி தவிர்க்கும் சுத்தபோசனமும். ஈஸ்டர் முடிந்ததும் வில்லியனூர் லூர்து மாதா கோயில் கொடியேற்றம்.

அந்த நாட்காட்டியில் வரும் புனிதர்களில் எனக்கு நெருக்கமானவர் தேவசகாயம் பிள்ளை. குருவல்ல, துறவியல்ல, குடும்பஸ்தர், திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்கு பெற்றார். சாதி பார்க்காமல் எல்லாரோடும் பழகினார். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. பொங்கலை ஒட்டியே அவர் திருநாள் வருகிறது. சாதி கேட்டு வாடகைக்கு வீடு விடுகிறவர்கள் அவர் படத்தை மாட்டிவைத்தால் மட்டும் போதாது.

நாளை எந்தப் புனிதரின் திருநாள் என்று நாட்காட்டியில் பாருங்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவர் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.