தேக்கடிப் படகில் ஏறுமுன்

தேனியிலிருந்து கம்பம், கூடலூர் வழியாகச் செல்லும் சாலை, லோயர் கேம்ப்பைத் தாண்டியதும் மலையேறத் தொடங்குகிறது. வழியில் மின்நிலையத்திற்கு இறங்கும் பெருங்குழாய்களைக் காண்பீர்கள். அவற்றில் பாயும் நீரே கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களை வாழ்விக்கிறது. பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை தேக்கி வைத்திருக்கும் அந்நீர்தான், கேரள எல்லைக்குள் குமுளியை அடுத்துள்ள தேக்கடி ஏரி. 1895-இல் அணை நிறைவுற்றபோது மூழ்கிய மரங்களின் கட்டைகள் இன்றும் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கின்றன.

கரையில் யானையோ காட்டெருமையோ தென்பட்டால், படகிலிருப்போர் ஆவலுடன் எழுந்து அந்தப் பக்கம் சாய்வது இயல்பு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. 2009 செப்டம்பர் 30 அன்று, ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு இவ்வேரியில் கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். மேல்தட்டில் கூட்டம் மிகுந்தால் பாரம் உயரே ஏறிப் படகின் நிலை தளர்கிறது. அப்போது பலர் ஒருபுறம் திரண்டால் அது நிமிர்வது அரிது.

ஆகவே குடும்பத்துடன் செல்லும் நீங்கள், ஏறுமுன் சிலவற்றைக் கவனியுங்கள். அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை எவ்வளவு என்று கேளுங்கள். ஒவ்வொருவருக்கும் இருக்கையும் லைஃப் ஜாக்கெட்டும் உண்டா என்று பாருங்கள். பெரியவர்களுக்கான ஜாக்கெட் குழந்தையின் தலைவழியே கழன்றுவிடும். அளவானதைக் கேட்டு வாங்கி, வார்களை இறுகப் பூட்டுங்கள். இறங்கும்வரை இருக்கையை விட்டு எழாதிருக்கப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வையுங்கள்.

கூட்டம் மிகுந்திருந்தால் தயங்காமல் கரையிலேயே நின்றுவிடுங்கள். அடுத்த படகு வரும். அதற்காகக் காத்திருப்பதில் இழப்பேதும் இல்லை.