ஆறு மணி நேரப் பயணம்!



"சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு எவ்வளவு நேரம்?" ஹஜ்ஜுக்குப் புறப்படும் இல்லங்களில் தவறாது எழும் கேள்வி இது. விடை எளிது. இரு விமான நிலையங்களுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 4,450 கிலோமீட்டர். நேரடி விமானம் ஐந்தரை முதல் ஆறு மணி நேரத்தில் சென்று சேர்ந்துவிடும்.

கடிகாரக் கணக்கு வேறு. ஜித்தா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. காலை 10 மணிக்குப் புறப்பட்டவர், ஆறு மணி நேரம் பறந்தபின் அங்கே பகல் 1.30-க்கு இறங்குவார். அவ்வேளை நம் வீட்டில் மாலை 4 மணி. அஸருக்கு பாங்கு சொல்லியிருப்பார்கள். அவருக்கோ லுஹர் நேரமே முடிந்திருக்காது. சூரியனோடு மேற்கே செல்பவருக்கு வல்ல நாயன் வழங்கும் சலுகை இது!

எங்கள் பாட்டனார் பம்பாயில் கப்பலேறி ஹஜ்ஜுக்குச் சென்றவர்கள். கடலிலேயே ஒரு வாரத்திற்கு மேல் கழியுமாம். அந்நாட்களில் ஆலிம்கள் மேல்தளத்தில் அமர்ந்து, தவாஃபையும் ஸயீயையும் அரஃபாவையும் பாடமாக நடத்துவார்களாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கரை தெரிவதற்குள் தல்பியாவை மனனம் செய்துவிடுவாராம். 1995-ஆம் ஆண்டோடு அந்தக் கப்பல் பயணம் நின்றுபோயிற்று. அலைகடலின் அல்லல் தீர்ந்தது, அல்ஹம்துலில்லாஹ்! ஆனால், அந்த மதரஸாவும் உடன் மறைந்தது.

இன்றைய ஆறு மணி நேரத்தில் உணவுக்கும் உறக்கத்திற்கும் போக மிஞ்சுவது என்ன? விமானம் நிமிடத்திற்கு 14 கிலோமீட்டர் வரை பறக்கிறது. ஜித்தாவில் இறங்குமுன்பே மீக்காத் எல்லை வந்துவிடும். ஒருமுறை அறிவிப்பார்கள். முதன்முறையாக விமானம் ஏறிய முதியவர் அவ்வேளை கண்ணயர்ந்திருந்தால், எல்லை அவருக்காகக் காத்திருக்காது. இஹ்ராமின்றிக் கடந்தவர் திரும்பிச் சென்று எல்லையில் நிய்யத் செய்ய வேண்டும். இயலாவிடில் பரிகாரமாக ஆடு அறுக்க வேண்டும். எத்தனை ஆண்டுச் சேமிப்போடும் கண்ணீரோடும் புறப்பட்ட பயணம் அது!

ஆகவே, அன்புச் சகோதர சகோதரிகளே! கப்பல் தந்த அவகாசத்தை இனி நம் வீடுகளே தரவேண்டும். பெட்டி கட்டுவதற்கு ஒரு மாதம் முன்பே, இஷாவுக்குப் பின் அரைமணி நேரம் பெற்றோருடன் அமருங்கள். ஹஜ்ஜின் கிரியைகளை ஆலிம்களிடம் கேட்டறிந்து வரிசையாகச் சொல்லிக்கொடுங்கள். இஹ்ராம் துணியை வீட்டிலேயே உடுத்திப் பழகச் செய்யுங்கள். விமானத்தின் குறுகிய கழிப்பறையில் அதை உடுத்துவது முதியோருக்குப் பெரும்பாடு. நேராக ஜித்தா செல்வோர் புறப்படும்போதே உடுத்திக்கொள்வது நலம். முதலில் மதீனா செல்வோருக்கு இந்த அவசரமில்லை; அவர்கள் அங்கிருந்து மக்கா செல்லும் வழியில், துல்ஹுலைஃபாவில் இஹ்ராம் கட்டிக்கொள்வார்கள்.

தூரத்தை விமானம் சுருக்கிவிட்டது. உள்ளத்தின் ஆயத்தத்தைச் சுருக்க எந்த இயந்திரமும் இல்லை. நம் அனைவரின் பயணத்தையும் இலேசாக்கி, ஹஜ்ஜை ஒப்புக்கொள்ளப்பட்டதாக ஆக்கி, வல்ல ரஹ்மான் அருள்புரிவானாக! ஆமீன்.