கணினித் திரையில் தெரிந்த புள்ளி



தமிழ் எழுத்துக்குப் புள்ளி எவ்வளவு இன்றியமையாதது என்பதைத் தமிழாசிரியர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு புள்ளி மறைந்தால் 'கண்' என்பது 'கண' ஆகிவிடும். கொம்பின் சுழி சற்று மங்கினால் 'கோடு' என்பதைக் குழந்தை 'கொடு' என்று படித்துவிடும். தொலைக்காட்சியைப் பற்றி எழுத வந்தவன் எழுத்திலக்கணம் பேசுகிறானே என்று எண்ண வேண்டா. இரண்டிற்கும் தொடர்பு உண்டு.

நம் நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. வண்ணம் வந்தது 1978இல். அன்று முதல் நாம் பார்த்துவந்த பழைய முறைப் படம் 576 கிடைக்கோடுகளால் ஆனது. அதனை எண்ணியல் கணக்கில் சொன்னால் அகலத்தில் 720, உயரத்தில் 576 என, மொத்தம் 414,720 படப்புள்ளிகள். எச்.டி. என்று நாம் சுருக்கமாகச் சொல்லும் உயர்துல்லியப் படத்தின் முழு அளவோ 1920க்கு 1080. அதாவது 2,073,600 படப்புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், சரியாக ஐந்து மடங்கு! ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குப் பெருக்கல் கணக்காகவே இதனைக் கொடுக்கலாம்.

இந்த ஐந்து மடங்கினால் விளையாட்டு வீரரின் வியர்வைத் துளி தெரிகிறது என்று விளம்பரங்கள் சொல்லும். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது, திரையின் அடியில் ஓடும் தமிழ் எழுத்துகளின் புள்ளி தெரிகிறது என்பதே. பழைய படத்தில் மெய்யெழுத்தின் தலைப்புள்ளியும் எழுத்தோடு ஒட்டி ஒரு கறையாகத் தெரியும். பெரியவர்கள் பழக்கத்தால் ஊகித்துப் படித்துவிடுவோம். படிக்கக் கற்றுக்கொண்டிருக்கும் குழந்தைக்கு அந்த ஊகம் கைவராது.

இனி, கணினிக்கு வருவோம். தொலைக்காட்சி அலையைப் பெற்றுக் கணினிக்கு ஊட்டும் சிறு கருவிக்கு டியூனர் என்று பெயர். விரல் நீளமே உள்ள யு.எஸ்.பி. கருவியாகவும், கணினிக்குள் செருகும் அட்டையாகவும் கிடைக்கிறது. வீட்டுக் கூரையிலுள்ள ஏரியலின் கம்பியை அதன் ஒரு முனையில் பொருத்தி, மறுமுனையைக் கணினியில் செருகி, உரிய மென்பொருளில் அலைவரிசைகளைத் தேடச் சொன்னால் போதும். வி.எல்.சி. போன்ற இலவச மென்பொருள்களே இதற்கு உதவும்.

ஆயினும் கருவி வாங்குமுன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உலகம் முழுமைக்கும் ஒரே ஒளிபரப்பு முறை இல்லை. அமெரிக்கா ஏ.டி.எஸ்.சி. என்னும் முறையையும், ஜப்பான் ஐ.எஸ்.டி.பி. என்னும் முறையையும் கைக்கொண்டன. மலேசியா தெரிவு செய்தது டி.வி.பி.-டி2. அந்தக் கடைசி '2' மிக முக்கியம். அது இல்லாத முதல் தலைமுறைக் கருவி நம் ஊரில் வெறும் அலங்காரப் பொருளே. 2000ஆம் ஆண்டுகளில் பலரும் ஆசையாக வாங்கிய பழைய டியூனர் அட்டைகளுக்கும் இதே நிலைதான். மைஃப்ரீவியூ என்னும் எண்ணியல் ஒளிபரப்பு 2017இல் முறையாகத் தொடங்கி, 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு நாடு முழுவதும் பழைய ஒளிபரப்பு ஓய்ந்துவிட்டது. அந்த அட்டைகள் தேடுவதற்கு இன்று வானில் ஒன்றுமில்லை.

ஆஸ்ட்ரோவை இப்படிப் பார்க்க முடியாதா என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. முடியாது. அது துணைக்கோளிலிருந்து பூட்டி அனுப்பப்படுவது. திறவுகோல் அந்நிறுவனத்தின் பெட்டியிலும் அட்டையிலும் இருக்கிறது. நான் சொல்வது, மாதக் கட்டணம் இல்லாமல் எல்லாருக்கும் பொதுவாக வரும் தரைவழி ஒளிபரப்பைப் பற்றி மட்டுமே. டிவி2இன் தமிழ்ச் செய்தி அதில்தான் வருகிறது.

எங்கள் புலாவ் செபாங், மலாக்கா மாநிலத்தின் வட எல்லை. இரயில் நிலையத்தின் பெயர்ப்பலகையே 'புலாவ் செபாங் / தம்பின்' என்று இரண்டு மாநிலத்தையும் சேர்த்துச் சொல்லும். இங்கிருந்து கிழக்கே, சற்றுத் தெற்காக, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் 1,276 மீட்டர் உயரமுள்ள லேடாங் மலை நிற்கிறது. அதன்மேல் ஒளிபரப்புக் கோபுரங்கள் உள்ளன. என் வீட்டு ஏரியலை அந்தத் திசைக்கே திருப்பி வைத்திருக்கிறேன். பழைய ஒளிபரப்பில் அலை குறைந்தால் படத்தில் 'மழை' பெய்யும். ஆனாலும் கதை புரியும். எண்ணியல் படம் அப்படியன்று. அலை போதுமானவரை தெளிவாக இருக்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். செம்பனை மரங்கள் உயர்ந்து சூழ்ந்த தோட்ட வீடுகளில் ஏரியலை இரண்டடி உயர்த்துவதே பல நேரங்களில் பெரிய மருந்து.

வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி இருக்கும்போது கணினி எதற்கு? நியாயமான கேள்வி. இதற்கு விடை எனக்குக் கிடைத்தது நோய்த்தொற்றுக் காலத்தில்தான்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டன. இணையவழி வகுப்பு என்றார்கள். என் வகுப்பு மாணவி ஒருத்தியின் வீட்டில் மூன்று பிள்ளைகள், கைப்பேசி ஒன்று. அதுவும் தந்தை வேலை முடிந்து வந்த பிறகே கிடைக்கும். 2021 பிப்ரவரி 17இல் கல்வியமைச்சின் டிடெக் டிவி தொடங்கியபோது, இணையம் இல்லாத பிள்ளைகளுக்கு ஒரு வழி பிறந்தது என்று மகிழ்ந்தேன். ஆனால் தொலைக்காட்சிப் பாடம் யாருக்காகவும் காத்திருக்காது. அண்ணன் பாடமும் தங்கை பாடமும் வெவ்வேறு நேரம். இடையில் வீட்டு வேலை, கைக்குழந்தையின் அழுகை. தவறவிட்டால் தவறியதுதான்.

டியூனர் உள்ள கணினி அந்தப் பாடத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். நேரத்தைக் குறித்துவிட்டால் தானே பதிவு செய்யும். நொடிக்கு 5 மெகாபிட் வீதம் வரும் படத்தை ஒரு மணி நேரம் பதிந்தால் ஏறத்தாழ 2.25 கிகாபைட். பள்ளிக்குப் பயிற்சித்தாள் வாங்க வந்த பெற்றோரிடம் பதிவுகளை விரலியில் போட்டுக் கொடுத்தேன். பழைய அமைப்பில் உள்ள விரலி 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது என்பதால், பாடம் பாடமாகப் பிரித்தே வைப்பேன். அந்த மாணவி ஒரு பின்னப் பாடத்தை நான்கு முறை நிறுத்தி நிறுத்திப் பார்த்ததாக அவள் தாயார் தொலைபேசியில் சொன்னார். 'நிறுத்திப் பார்க்க முடியுதுங்க சார், அதான் புள்ளைக்குப் புரிஞ்சிருச்சு' என்றார். எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் எனக்கு இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லித் தந்ததில்லை.

2021 அக்டோபரில் பள்ளிகள் படிப்படியாகத் திறந்த பின்னும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. தமிழ்ச் செய்தியில் இரண்டு நிமிடத்தை வகுப்பில் ஓடவிட்டு, கேட்டல் திறன் பயிற்சியாக வைக்கிறேன். ஓடும் எழுத்தை அப்படியே நிறுத்தி, 'இதில் எத்தனை மெய்யெழுத்து?' என்று கேட்கிறேன். பின்வரிசைப் பிள்ளையும் எண்ணிச் சொல்கிறான். உயர்துல்லியத்தின் பயனை நான் அளப்பது இந்தக் கோலால்தான். பதிவுகளை வகுப்போடு நிறுத்திக்கொள்கிறேன். பிறருடைய உழைப்பை இணையத்தில் ஏற்றுவதோ விற்பதோ முறையன்று.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மூலையில் தூசு படிந்து கிடக்கும் பழைய கணினியைத் தூக்கி எறியுமுன் ஒருமுறை யோசியுங்கள். உயர்துல்லியக் காட்சி நன்கு சுருக்கப்பட்டு வருவதால், அதனை விரித்துக் காட்டக் கணினிக்குச் சற்று வலிமை வேண்டும். மிகப் பழையது திணறும். ஆயினும் பத்தாண்டுக்கு உட்பட்ட பெரும்பாலான கணினிகள் தாங்கும். கைப்பேசியைத் தனித்தனியே குனிந்து பார்க்கும் பிள்ளைகள், ஒரு பெரிய திரைமுன் பெற்றோரோடு அமர்ந்து தமிழ்ச் செய்தியைப் பார்க்கட்டும். புரியாத சொல் வந்தால் நிறுத்துங்கள், பொருள் பேசுங்கள், பிறகு ஓடவிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் போதும்.