வரப்பில் தெரியும் கை

எங்கள் செலியமேட்டில் நடவுக்கு முன் வரப்பைச் சீவி அண்டை வெட்ட ஆள் வைப்பதென்றால் அப்பா யாரிடமும் விசாரிக்க மாட்டார். அந்த ஆள் போன வாரம் வெட்டிய கழனிக்குப் போய் நிற்பார். புல் வேரோடு சீவியிருக்கிறதா, சேறு அப்பி மெழுகியிருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு குனிந்து, நண்டு வளையும் எலி வளையும் அடைபட்டிருக்கின்றனவா என்று கையால் தடவுவார். ரோட்டில் போகிறவர் கண்ணுக்கு எல்லா வரப்பும் அழகுதான். வளை அடைபடாத கழனியில் கட்டிய தண்ணீர் விடிவதற்குள் வடிந்துவிடும்.

கம்ப்யூட்டர் படித்த என் பேரன் வேலை தேடியபோது அந்த வரப்பு நினைவுக்கு வந்தது. மதிப்பெண் பட்டியலோடு கிட்ஹப் கணக்கையும் சில நிறுவனங்கள் கேட்டனவாம். 2008-இல் தொடங்கிய தளம் அது. திறந்த மூல நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையை யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அங்கே வைக்கிறார்கள். அதற்கு வெகு முன்பே, 1991-இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தன் லினக்ஸ் நிரலை இணையத்தில் போட்டபோது, அவர் எழுதியதைப் படித்துத்தான் ஊர் உலகம் அவரோடு சேர்ந்தது.

விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழு கிராமத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகச் சொல்லிக்கொடுக்கிறது. பேரன் கற்றுக்கொண்டது அங்கேதான். அவன் செய்த ஒரு திருத்தத்தைக் காட்டச் சொன்னேன்.

"தாத்தா, இது சொற்களை அகரவரிசையில் அடுக்குற நிரல். மனம் முதல்ல வந்துச்சு, மயில் பின்னால போச்சு" என்றான்.

தமிழாசிரியராக இருந்த எனக்கு அது உடனே உறைத்தது. நம் மெய்வரிசையில் கடைசியில் நிற்க வேண்டிய னகரம், கம்ப்யூட்டரின் யூனிகோடு எண் வரிசையில் நகரத்தை அடுத்தே வந்துவிடுகிறது. எண்ணை நம்பி அடுக்கினால் யகரம் பின்னுக்குத் தள்ளப்படும். அவன் அனுப்பிய திருத்தத்தை, திட்டத்தைப் பார்த்துக்கொள்பவர் மூன்று முறை திருப்பி அனுப்பியிருந்தார். மூன்று முறையும் அவன் தந்த பதில்கள் அங்கே அழியாமல் அப்படியே இருந்தன. இரண்டாவது பதிலில், "நீங்கள் சொல்வது சரி, ஜகரத்தை யோசிக்கவில்லை" என்று எழுதியிருந்தான். அந்த ஒரு வரியில் எனக்குத் தெரிந்த பிள்ளையைப் பார்த்தேன். எந்தச் சான்றிதழும் இதைச் சொல்லாது.

ஆனால் ஆள் எடுப்பவர்களில் பலர் அவ்வளவு தூரம் படிப்பதில்லை. கணக்கின் முகப்பில் வேலை செய்த நாளுக்கெல்லாம் ஒரு பச்சைக் கட்டம் விழும். அதை எண்ணிவிட்டுப் போகிறார்கள். எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் எழுதுகிறவர்கள் எண்ணிக்கையைப் பெருக்கத்தான் பார்ப்பார்கள். 2020 அக்டோபரில் டிஜிட்டல் ஓஷன் நிறுவனம் நடத்திய ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வில், திறந்த மூலத் திட்டங்களுக்கு நான்கு திருத்தம் அனுப்பினால் டி-ஷர்ட் பரிசு. விளக்கக் குறிப்பில் ஒரு சொல்லைச் சேர்த்து, அதையே திருத்தமென்று குவித்துவிட்டார்கள். சம்பளம் வாங்காமல் அந்தத் திட்டங்களைக் காத்து வந்தவர்கள் அவற்றைத் தள்ளித் தள்ளியே சலித்துப்போனார்கள். விருப்பம் தெரிவித்த திட்டங்களுக்கு மட்டும்தான் இனி அனுப்பலாம் என்று சில நாளிலேயே விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

இன்னொன்று என் மனதை அறுக்கிறது. எங்கள் தெருப் பெண் ஒருத்தி. கல்லூரி ஆய்வகத்தில் மட்டும்தான் அவளுக்குக் கம்ப்யூட்டர். வீட்டுக்கு வந்தால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, பால் கறந்து, தம்பிக்குச் சோறு போட வேண்டும். "கணக்கில் ஒன்றுமே இல்லையே" என்று ஒரு நிறுவனம் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டது. ராத்திரியில் கூலியில்லாமல் நிரல் எழுத முடிகிறவர்களுக்கு மட்டுமே கதவு திறக்குமென்றால் அது அநியாயம். பத்து வருடம் கம்பெனிக்குள்ளேயே எழுதி, எதையும் வெளியே காட்ட அனுமதியில்லாதவர்கள் கதையும் இதேதான்.

ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் பிள்ளைகளே, கணக்கு இருந்தால் ஒரே ஒரு திருத்தத்தைத் திறந்து, அதற்கு வந்த கேள்வியையும் போன பதிலையும் அரை மணி நேரம் உட்கார்ந்து படியுங்கள். இல்லாதவர்களுக்கு ஒரு சின்ன வேலை கொடுத்துப் பாருங்கள். அந்த நாளுக்கான கூலியையும் கொடுங்கள். பழக்கமில்லாத ஆள் வந்து நின்றால் அப்பா அவருக்கு ஒரு வரப்பைக் காட்டி வெட்டச் சொல்வார். வேலை பிடிக்காமல் போனாலும் அன்றைய கூலியைச் சாயங்காலமே எண்ணிக் கையில் வைத்துவிடுவார்.